முதலாளி விரித்த வலை

"திருட்டுப் பய நாளைக்கு மாட்டுவான் பாரு!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார் சாயத் கைர்பெகோவிச்.

அல்மாட்டியில் இருக்கும் அவருடைய பார்சல் கம்பெனியில் எதுவும் திருட்டுப் போகவில்லை. அவர் கொடுக்கும் சம்பளத்தை வாங்கிக்கொண்டே வெளியே வேலை தேடும் ஆளுக்குத்தான் அவர் அகராதியில் அந்தப் பெயர். எதிர்த் தெருக் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரிலேயே கருணை மிகுந்த முதலாளி தான்தான் என்பது அவருடைய தனிப்பட்ட கருத்து. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். மூன்று வருடத்துக்குள் தானாக விலகினால் பயிற்சிச் செலவு மொத்தத்தையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்.

பயிற்சி என்பது அவரே ஒரு மதியம் ஆற்றிய உரை. செலவு என்பது உரைக்குப் பிறகு வந்த டீயும் எண்ணெயில் பொரித்த பவுர்சக் ரொட்டியும். போன வருடம் விலகிய ஒருவன் காரை விற்றுக் கட்டினான். அதற்குப் பிறகு யாரும் விலகவில்லை. அதை அவர் விசுவாசம் என்றார்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மெருயெர்ட் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினாள். ஊழியர்களின் மெஷின்கள் எல்லாம் கிளவுடில் இருந்தன, பிரிவுக்கு ஒரு நெட்வொர்க்காக. எந்த மெஷின் எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் டி.என்.எஸ். என்ற முகவரிப் புத்தகத்திடம் முகவரி கேட்டாக வேண்டும். எந்த மெஷின் எதைக் கேட்டது என்று இனி பதிவாகப் போகிறது.

"இதுல படம் எதுவும் வராதா?" என்றார் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த சாயத்.

"வராது அகாய்," என்றாள் மெருயெர்ட். அங்கே எல்லோரும் அவரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பட்டன் மாதிரி ஏதாவது இருந்தா நானே அமுக்கியிருப்பேனே?"

"அதனாலதான் வைக்கல போலிருக்கு அகாய்."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"கணக்குப் பிரிவைப் பதிவுல சேர்த்தாச்சு அகாய். புரோகிராமர்களையும் சேர்த்தாச்சு. எங்க பிரிவையும் சேர்க்கட்டுமா?"

"உன்னையா? நீ என் வலது கை! விஷயம் நம்ம ரெண்டு பேரைத் தாண்டக் கூடாது, தெரியுதா?"

"தெரியும் அகாய்."

மறுநாள் மதியம் பதிவைத் திறந்து காட்டினாள். எதிர்த் தெருக் கம்பெனியின் வேலைவாய்ப்புத் தளத்தின் முகவரியை ஒரே ஒரு மெஷின் நிமிடத்துக்கு நிமிடம் கேட்டிருந்தது.

"யாரோடது?"

"தவ்ரெனோடது."

சாயத் முகம் சிவந்தது. வண்டிகளுக்கு வழி சொல்லும் மென்பொருளை எழுதியவன் தவ்ரென். அதைத் தன்னுடைய கண்டுபிடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் சாயத்.

"காலையிலேர்ந்து தேடுறானா?"

"விடாம அகாய். அவன் டீ குடிக்கக் கீழே போயிருந்தப்பக்கூட நிக்கல."

"டீ குடிக்கிறப்பக்கூடவா! எவ்வளவு வெறி பாரு!"

தவ்ரென் வந்து நின்றான். சாயத் மேசையைக் குத்தினார்.

"என் ரொட்டியைத் தின்னுட்டு எதிர்த் தெருவுல வாலாட்டுறியாடா?"

தவ்ரென் தலையைத் தொங்கப் போட்டான். "தப்புதான் அகாய். துரத்திட்டீங்கன்னு மட்டும் ஊர் பேச வேண்டாம். நானே விலகிக்கிறேன்னு எழுதிக் கொடுத்துட்டு மானத்தோட போயிடறேனே?"

"மானமா? உனக்கா? உன்னை நான்தான்டா துரத்துவேன்!"

ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் ரவுஷான் ஓடிவந்தாள். "அகாய், ஒரு நிமிஷம், ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னா..."

"ஒப்பந்தத்தை எழுதினதே நான்தான்! எனக்கே படிச்சுக் காட்டுறியா? 'நீக்கப்பட்டார்'னு பெரிசாப் போடு. முத்திரையை அழுத்திக் குத்து!"

முத்திரையை அவரே பிடுங்கிக் குத்தினார். தவ்ரென் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். மற்றவர்கள் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெருயெர்ட் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அட, அழாதேம்மா. இளகின மனசு உனக்கு," என்றார் சாயத். "சொல்லு, இனிமே நான் யாரைத்தான் நம்புறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரையும் நம்பாதீங்க அகாய். எங்க பிரிவையும் பதிவுல சேர்த்துடறேன். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

சாயத் நெகிழ்ந்துபோனார். இப்படி நாலு பேர் இருந்தால் கஜகஸ்தானையே கட்டி ஆளலாம் என்றார்.

அவர் கண்ணெதிரிலேயே கட்டளையைத் தட்டினாள். தட்டிவிட்டு, அவருக்கு டீ எடுத்துவருவதாகச் சொல்லி மாடிப்படிக்கு வந்து தவ்ரெனுக்குப் போன் போட்டாள்.

"ஒரு காசும் கட்டாம எதிர்த் தெருவுல சேர்ந்தாச்சா? பக்கத்து நாற்காலியை எவனுக்கும் விட்டுடாதே, நாளைக்கு என் மெஷினும் வேலை தேடப் போகுது!"