மீன் பிடிக்கப் போயிருக்கிறார்

"மார்சிகிட்ட என்ன சொல்லிட்டு வந்தே?" கேக் மாவைக் கலக்கிக்கொண்டே கேட்டாள் இங்கர்.

"மீன் பிடிக்கப் போறேன்னுதான்." வெண்டெல் ஆப்பிளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். "ஆத்தங்கரையில போன் எடுக்காதுன்னும் சொல்லிட்டேன்."

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னிக்கு எந்தக் கிறுக்கன் மீன் பிடிக்கப் போவான்?"

"போன வருஷமும் அதேதான் சொன்னேன். திரும்பிப் போறப்ப கடையில ஒரு மீன் வாங்கிட்டுப் போய்க் கொடுத்தேன். விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துட்டேன்."

"ஐயோ! பாத்துட்டாளா?"

"பாத்தா. ஒண்ணும் சொல்லல. பொரிச்சுத் தட்டுல வச்சுட்டா."

இங்கர் சிரித்தாள். சிரிப்பு பாதி முகத்துக்கு வந்து நின்றுவிட்டது.

மார்சி வெண்டெலின் ஒரே மகள். "அந்தப் பொம்பளையை நீ பாக்கப் போனேன்னு தெரிஞ்சா என் வீட்டு வாசலை மிதிக்காதேப்பா" என்று நாலு வருஷத்துக்கு முன்னால் சொன்னவள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, கைக்குழந்தைப் பேரன், வெண்டெலுக்கு மிச்சம் இருந்த எல்லாமே அந்த வாசலுக்கு உள்ளேதான் இருந்தது.

இரண்டு ராத்திரிக்கு இந்தச் சின்ன வீடு, ஒன்று முடிந்துவிட்டது. காலையிலிருந்து மழை விடவில்லை. கத்தியைச் சமையல் மேடையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால், ஆப்பிளைத்தான் கத்தியிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

சுவர் போன் அடித்தது. இங்கர் மாவுக் கையோடு வாசலுக்குப் போய், மழையில் ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டி நின்றுவிட்டு வந்தாள். வெண்டெல் துண்டை நீட்டினார். தலையைத் துவட்டிக்கொண்டாள்.

"அடச்சே, ஏலக்காய் வாங்க மறந்துட்டேன்" என்றார்.

இங்கருடையது ஸ்வீடன் வழி வந்த குடும்பம். அவர்கள் வீட்டு ஆப்பிள் கேக்கில் பட்டையைவிட ஏலக்காய்தான் தூக்கலாக இருக்கும். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

இங்கர் தேடவே இல்லை. நேராக மேல் அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். "இருக்கு. முன்னாடி தங்கினவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"பரவாயில்லையே, நம்ம அதிர்ஷ்டம்."

இங்கர் ஏலக்காயைப் பொடித்து மாவில் கலந்தாள். தட்டை அடுப்புக்குள் வைத்து மூடினாள்.

கேக் வேகும்வரை சீட்டு விளையாடினார்கள். சீட்டுக்கட்டில் ஒரு ராஜா காணோம். பழைய வழக்கப்படி இங்கர் சீட்டை மடியில் ஒளித்தாள். பழைய வழக்கப்படி வெண்டெல் கண்டுபிடித்தார்.

"இன்னும் திருத்தமா ஏமாத்தக் கத்துக்கலையே நீ."

"உன்னை ஏமாத்த இது போதும்."

வெண்டெல் சீட்டைக் கலைத்துப் போட்டார்.

"மார்சிகிட்ட உண்மையைச் சொல்லிடேன் வெண்டெல்."

"சொன்னா கதவைச் சாத்திடுவா."

"சாத்த மாட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இங்கர் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் அடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். "அடி பிடிக்கப் போகுது" என்றாள்.

சாப்பிட உட்காரும்போது எதற்கெல்லாம் நன்றி என்று ஆளுக்கு ஒன்று சொல்வது வழக்கம். இருவரும் அதை விட்டுவிட்டு நேரே கரண்டியை எடுத்தார்கள். கேக் நன்றாக வந்திருந்தது. "நல்லா இருக்கு" என்றார். "ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சீருடை போட்ட ஒரு பெண் காவலர் கையில் பட்டியலோடு உள்ளே வந்தாள். கத்தியைப் பார்த்தாள், கரண்டிகளை எண்ணினாள். வெண்டெல் கொண்டுவந்த நீல ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, இங்கர் நம்பர் போட்ட சாம்பல் சட்டைக்கு மாறி நின்றாள்.

அந்தச் சிறையில் கைதிகள் குடும்பத்தோடு இரண்டு நாள் சமைத்துச் சாப்பிட்டுத் தங்க, வேலிக்கு உள்ளேயே கட்டிய வீடு அது. சுவர் போன் அடித்தால் கைதி வாசலுக்கு வந்து காவலருக்கு முகத்தைக் காட்ட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கர் குடித்துவிட்டுக் கார் ஓட்டினாள். பின் சீட்டில் இருந்தது மார்சியின் ஐந்து வயது மகள்; விபத்தில் அவள் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து மார்சி தன்னைப் பெற்றவளை அம்மா என்று சொல்வதில்லை. அந்தப் பொம்பளை என்றுதான் சொல்வாள்.

"வரேன்" என்றார் வெண்டெல் மனைவியிடம்.

"மீன் வாங்க மறந்துடாதே. விலைச் சீட்டைக் கிழிச்சிடு" என்றாள் இங்கர். திரும்பிப் பார்க்காமல் சாம்பல் கட்டிடத்தை நோக்கி நடந்தாள்.

காவலர் அவரைக் கேட் வரைக்கும் கூட்டிப்போனாள். மீன் கடை இன்றைக்குத் திறந்திருக்குமா, மார்சியின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெண்டெல் நடந்தார்.

பூட்டைத் திறந்த காவலர் அவர் கோட்டுப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். "ஏலக்காய்தானே?"

"ஆமா. எங்க வீட்டு ஆளுங்க மட்டும்தான் ஆப்பிள் கேக்ல அதைப் போடுவாங்க."

"தெரியுமே. போன மாசம் உங்க மக வந்து தங்கினப்பவும் இதே வாசனைதான்."