உள்ளே இருக்கிறார்

ஒரு கணினிக்குள் கடவுச்சொல் கேட்கும் வாசலும், வருவோர் போவோரைக் குறித்துவைக்கும் பதிவேடும் குடியிருந்தன. கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்று சொன்னால்தான் பதிவேடு அவர் கணக்கை முடிக்கும். அதுவரை "உள்ளே இருக்கிறார்" என்றே எழுதிவைத்திருக்கும்.

ஒருநாள் கதிரேசன் ஒன்றும் சொல்லாமல் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விட்டான். மாதங்கள் ஓடின. அவன் திறந்து வைத்ததையெல்லாம் பதிவேடு அப்படியே வைத்திருந்தது.

"அக்கா, மற்றவங்களுக்கு உட்கார இடமில்லை. அவன் போய்விட்டான்னு எழுதித் தொலைங்க," என்றது வாசல்.

"அவன் வாயால் சொல்லாம நான் எப்படித் தம்பி எழுதுவேன்? பாதி வேலையை விட்டுட்டுப் போயிருக்கான். வந்தா தேடுவானே."

"யார் கண்டா? உங்களைக் கேட்டுட்டா போனான்?"

ஒரு வழியாகக் கதிரேசன் வந்தான். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு வாசல் வழிவிட்டது. பதிவேட்டுக்கு மனசு குளிர்ந்துபோனது.

அவன் பதிவேட்டைப் புரட்டினான். தன் பெயரைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்தப் பழைய குப்பை இன்னுமா கிடக்குது?" என்று, காத்துவைத்த அத்தனையையும் ஒரே தட்டலில் மூடினான். தனக்கு வேண்டிய படங்களை எடுத்துக்கொண்டான். திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போனான்.

வாசல் பதிவேட்டை எட்டிப் பார்த்தது.

"இப்பவும் சொல்லலையே அக்கா. என்ன எழுதப்போறீங்க?"

"எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்," என்றது பதிவேடு.

பிறகு, "உள்ளே இருக்கிறார்" என்று எழுதியது.