வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

வேன் நின்ற பிறகுதான் அவருக்குக் கால் வலி தெரிந்தது.

பதினாறு நாளாய் நின்றுகொண்டே கும்பிட்ட உடம்பு. இன்று மாலை ஐந்து மணியோடு பிரச்சாரம் முடிகிறது. மணி இப்போது மூன்று. கடைத்தெரு இன்னும் பாக்கி. அங்கேதான் நானூறு ஓட்டு இருக்கிறது.

யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள்.

கீழத்தெருவின் கடைசி வீட்டு வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் அஞ்சம்மாள் போய்விட்டாளாம்.

அவள் மகன் வீரையன் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அம்மாவை மேளம் இல்லாமல் எடுக்க மனசு வரவில்லை என்றான். விடிந்ததிலிருந்து மூன்று பேண்டு செட்டுக்கும் போன் போட்டுவிட்டானாம். மூன்றும் வேறு வேலைக்குப் போய்விட்டதாம். எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

அந்த வேறு வேலை வேனுக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

எல்லாம் மச்சான் பன்னீரின் மூளை. கடைசி நாளில் எதிராளிக்கு ஒரு டிரம் கூடக் கிடைக்கக் கூடாதென்று சுற்றுவட்டாரத்து மூன்று செட்டையும் மொத்தமாகப் பிடித்துவிட்டார். எல்லோருக்கும் சீப்புச் சின்னம் போட்ட மஞ்சள் பனியன். எல்லோர் நெஞ்சிலும் ஒரு சீப்பு.

அரசியல் பண்ணுகிறவன் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க வேண்டும் என்பார்கள். அவருக்கு இரண்டு வீட்டிலும் வாசலில் நின்று டிரம்பெட் ஊதித்தான் பழக்கம். இருபது வருஷம் அதுதான் பிழைப்பு. பிறகு ஐந்து வருஷம் வார்டு உறுப்பினர். இப்போது ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்கிறார்.

போன தெருவெல்லாம் ஒரே பேச்சுதான். ஒரு பாட்டு ஊதிவிட்டுப் போங்கள். குடிநீரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால், முதலில் பாட்டு என்பார்கள். ஜெயித்து வந்து ஊதுகிறேன் என்று சிரித்துச் சிரித்தே தாடை ஓய்ந்துவிட்டது.

நானே வந்து ஊதுகிறேன் என்று அவர் வேனை விட்டு இறங்கினார்.

பன்னீர் காதோரம் வந்து கெஞ்சினார். செட்டை வேண்டுமானால் அனுப்பலாம், நீங்கள் போக வேண்டாம். கையில் டிரம்பெட்டோடு சாவுக்கு முன்னால் நடப்பதைக் கடைத்தெருக்காரன் பார்த்தால் அப்புறம் கவுன்சிலர் என்றா கூப்பிடுவான், பேண்டுக்காரன் என்றுதான் கூப்பிடுவான் என்றார்.

பன்னீர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

செட்டுத் தலைவர்களில் மூத்தவர் சவரிமுத்து முன்னால் வந்தார். பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திருப்பிக்கொண்டார்கள். நடுத்தெருவில் பதினெட்டு ஆண்கள் வெற்றுடம்போடு ஒரு நிமிஷம் நின்றதைப் பார்த்துச் சிரிக்க, அன்றைக்கு அங்கே யாருக்கும் தெம்பில்லை.

சவரிமுத்து தன் டிரம்பெட்டை அவரிடம் நீட்டினார்.

அவர் தோள் துண்டை வேனிலேயே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

தெரு முடிகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உதடு மறக்கவில்லை. மூச்சுதான் பாதிப் பாதியாக வந்தது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு வீரையன், பின்னால் செட்டு, அதற்குப் பின்னால் அஞ்சம்மாள்.

தெரு முடிந்தது. வாய்க்கால் வந்தது.

சுடுகாடு அந்தப் பக்கம். மார்கழித் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே கரையில் நின்று சொன்னார். என்னை உறுப்பினராக்குங்கள், இங்கே பாலம் வரும். மூன்று மனு கொடுத்தார். அளக்க ஆள் வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் நிதி இல்லை என்றார்கள். அதற்காகத்தான் கவுன்சிலருக்கே நிற்கிறேன் என்று இந்தப் பதினாறு நாளும் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் பொய் இல்லை. சத்தியமாகப் பொய் இல்லை.

வீரையன் கொள்ளிச்சட்டியை உறியோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

அவரும் இறங்கினார். இடுப்பு வரை ஜில்லென்று ஏறியது.

டிரம்காரர்கள் டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். இனி அடிக்க முடியாது. பாடை தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. அஞ்சம்மாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். மாலையிலிருந்து சாமந்தி உதிர்ந்து தண்ணீரோடு போனது.

அவருடைய ஊதல் நின்றுவிட்டது.

தண்ணீர்ச் சத்தம் மட்டும். கடைத்தெருப் பக்கம் எதிராளியின் ஒலிபெருக்கி என்னவோ சொல்லிக்கொண்டு போனது. காற்று வாக்கில் ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது. பாலம்.

வீரையன் நட்ட நடு வாய்க்காலில் நின்று திரும்பிப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க ஊதுங்கண்ணே. பாலத்தப் பத்தி நாங்க ஒண்ணும் கேக்கல."

அவர் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

அக்கரை போய்ச் சேரும் வரை அது சத்தமே வராமல் உதட்டிலேயே இருந்தது.