இருபத்தெட்டாவது மாப்பிள்ளை

செம்பூரில் அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் வானமாமலை முதலில் சலூனைத்தான் தேடினார்.

மாப்பிள்ளை விசாரிப்பதில் அவருக்கென்று ஒரு வழி உண்டு. சொந்தக்காரர்களைக் கேட்கவே மாட்டார். சலூன், இஸ்திரிக் கடை, டீக்கடை. இந்த மூன்று இடத்திலும் எவனாலும் நடிக்க முடியாது என்பார்.

நாங்குநேரிப் பக்கம் இதுவரை இருபத்தேழு பையன்களை விசாரித்துச் சொல்லியிருக்கிறார். ஒருவன்கூடச் சோடை போகவில்லை. அவர் “கை நனைக்கலாம்” என்று தகவல் சொன்ன பிறகுதான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு இலையில் உட்காருவார்கள். அதுவரை அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

இது இருபத்தெட்டாவது. இந்த முறை பெண், அவருடைய ஒரே மகள் செண்பகவல்லி.

பையன் பெயர் நிகில். மராத்திக்காரன். ஐரோலியில் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். அதற்கு மேல் அவர் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

கையில் ஒரு பகல் இருந்தது. மாலையில் குர்லாவில் ரயில். பையன் சரியில்லை என்று தெரிந்தால், அந்த வீட்டுப் படியை மிதிக்காமலே ஊருக்குத் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தார்.

வீட்டில், “ஒரு விசாரிப்பு. பம்பாய் வரைக்கும் போகணும்” என்று மட்டும் சொன்னார். யாருக்கு என்று மனைவி முத்துமாரி கேட்கவில்லை. வழிக்கு என்று சொல்லி ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து உருண்டைகளைப் பையில் வைத்தாள். ஓர் ஆள் ஒரு மாதம் தின்றாலும் தீராது.

சலூன்காரர் பீகார்க்காரர். வானமாமலைக்கு இந்தியில் ஒன்று, இரண்டு எண்ணக்கூடத் தெரியாது. “நிகில்” என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதுபோல் கையை விரித்து நின்றார்.

ஊரில் இது காதோடு காது வைத்ததுபோல் நடக்கும் காரியம். இங்கே, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருந்த ஜம்பு என்கிற பாலக்காட்டுக்காரர், சலூன்காரர் சொல்லச் சொல்ல உரக்கத் தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

“ஒருதரம் கத்தி பட்டு ரத்தம் வந்துடுத்தாம். பரவாயில்லேன்னுட்டானாம். இவருக்குத்தான் கை நடுங்கித்தாம், அவன்தான் தண்ணி எடுத்துக் குடுத்தானாம்.”

அதோடு விடவில்லை. மிச்ச சவரம் அப்புறம் ஆகட்டும் என்று இறங்கி, இஸ்திரிக் கடைக்கு அவரே கூட்டிப்போனார். வழியில் மளிகைக்காரரிடம் குஜராத்தி, மீன்காரம்மாவிடம் மராத்தி. வானமாமலை வாயைப் பிளந்துகொண்டு பின்னால் நடந்தார். ஊரில் அடுத்த தெருக்காரனிடம் வாய் திறப்பதற்கே அவருக்கு ஆயிரம் யோசனை வரும். இந்த மனிதர் பாதிச் சவரத்தோடு ஊரையே உறவாக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இஸ்திரிக் கடையில் இருந்தவள் வந்தனா. நிகிலின் சட்டைகளை அடுக்கோடு எடுத்து முன்னால் வைத்தாள்.

வானமாமலை சட்டைப் பைகளைத் திருப்பிப் பார்த்தார். புகையிலைத் தூள் இருந்தால் எத்தனை முறை துவைத்தாலும் மூலையில் ஒட்டியிருக்கும். இங்கே அது இல்லை. மூன்றாவது சட்டையின் பையில் பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் ஹேர் கிளிப் இருந்தது.

அதை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. வந்தனாவும் கேட்கவில்லை.

ஜம்பு சவரத்துக்குத் திரும்பிவிட்டார். டீக்கடையில் மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை. கடைக்காரர் முகம்மது ஹனீப்புக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம்.

“நல்ல பய அண்ணாச்சி. ஆனா சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். டீயச் சொல்லிட்டு போன்ல பேசிக்கிட்டே நிப்பான், அது ஆறிப்போவும். மூணு தடவ சுட வச்சிக் குடுத்துருக்கேன்.”

வானமாமலைக்கு மனம் லேசானது. புகழ்ச்சி மட்டுமே வரும் இடத்தை அவர் நம்புவதில்லை. குறை இதுதான் என்றால், பையன் தங்கம்.

டீக்குக் காசு நீட்டினார். ஹனீப் வாங்கவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. நாலு வருசத்துக்கு முன்ன, கல்யாணம் முடிஞ்சி இங்க குடிவந்த வாரமே தங்கச்சி எங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிட்டு. எங்கப்பா ஒருநா இவர விசாரிக்க வருவாவ. சலூனு, இஸ்திரிக் கடை, கடசியா உங்கள்ட்ட. உள்ளத உள்ளபடி சொல்லுங்க, கூட்டிச் சொன்னா கண்டுபிடிச்சிருவாவன்னு.”

வானமாமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாலு வருடம் மகளோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது வெட்கமாக இருந்தது. தன்னை இப்படி அச்சு அசலாகத் தெரிந்து வைத்திருக்கும் மகளை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது.

“எந்த மாடி?” என்று கேட்டார்.

ஹனீப் எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியைக் காட்டினார். ஜன்னல் கம்பியில் ஒரு சின்ன கவுன் காய்ந்துகொண்டிருந்தது.

விசாரித்து முடித்ததும் முதலில் பெண் வீட்டுக்குத் தகவல் சொல்வதுதான் முறை. வானமாமலை தன் வீட்டுக்கே போன் போட்டார்.

“கை நனைக்கலாம்” என்றார்.

 முத்துமாரி வழக்கமான குரலில் பேசினாள்.

“முந்திரிக்கொத்த பேத்திக்கு நல்லாப் பொடிச்சிக் குடுங்க. கடவாப்பல்லு இன்னும் முளைக்கல்ல.”