பத்து எண்ணும் வரை

1934 கோடையில் முக்கொம்பிலிருந்து கிழக்கே காவேரிக் கரை நாணல் ஒன்பது நாள் விடாமல் எரிந்தது. மேலப்புதூரில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். துணிகளை வீட்டுக்குள்ளேதான் உலர்த்தினார்கள். படம் எடுக்கும் கிளமென்ட் மட்டும் காமிராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவர் மனைவி ரோசரி ஒரு படம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்திருந்தாள். இனி அந்தத் தெருவில் யாரும் அப்படிப் போகக் கூடாது என்பது அவர் தீர்மானம்.

"தலையெல்லாம் சாம்பல். படத்துல கிழவியா விழுவேனே, அண்ணே!" என்றாள் எதிர்வீட்டு அற்புதம்மாள்.

"புகையில வெளிச்சம் பத்தல. பத்து எண்ணுற வரைக்கும் அசையாதீங்க, முக்கியமா வாய்."

சிரிப்பை அடக்க முடியாமல் அவளும் மூன்று மகள்களும் நின்றார்கள்.

காமிராவின் கண்ணாடித் தகட்டில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் விழும். தாளில் அச்செடுத்தால்தான் நேராகும். கழுவிய தகட்டில் நால்வருக்கும் கண்மணி வெளுத்து, பல் கறுத்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஐந்தாவதாக ரோசரி நின்றாள். அடக்கத்தன்று அவளுக்கு உடுத்திவிட்ட வெள்ளைச் சேலை தகட்டிலும் வெள்ளையாகவே இருந்தது. கூந்தல் கறுப்பாகவே இருந்தது.

அற்புதம்மாள் படம் கேட்டு வந்தாள்.

"வாங்க, இன்னொண்ணு எடுத்துத் தரேன். அன்னிக்கு எடுத்ததை அச்செடுக்கிறதா இல்லை."

அந்தத் தகட்டுக்குச் சட்டம் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் மாட்டினார். அதில் உயிரோடிருக்கும் நால்வரும் ஆவிகளைப் போல் நிற்க, ரோசரி மட்டும் நேரில் பார்ப்பதுபோல் இருந்தாள்.