காருக்குள் ஒரு விளக்கு

பட்டப்பகலில் காருக்குள் விளக்கு எரிவதைப் பார்த்ததும் பிரபாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தார்.

"ஏம்பா, மரக்காணத்து உப்புக் காத்துல சுவிட்ச் அரிச்சிடுச்சுன்னு புதுசு போட்டியே, இப்ப என்ன சொல்லப் போற?"

"எங்க ஷெட்டுல நல்லா அணைஞ்சுதே சார்!"

"அப்போ என் வீட்டு வாசலுக்கு வந்தா மட்டும் எரியுதா? யாருக்குக் காது குத்தற? தினமும் காலையில பேட்டரி இறங்கிக் கிடக்குது!"

மெக்கானிக் ஒவ்வொரு கதவாக அழுத்திப் பார்த்தான். பின்கதவை அழுத்தியதும் விளக்கு அணைந்தது.

"கதவை முழுசா சாத்தல சார்."

பிரபாகரனின் கோபம் மனைவி பக்கம் திரும்பியது. "ஏண்டி, ஒரு கதவை ஒழுங்கா சாத்தத் தெரியாதா உனக்கு?"

சூர்யகலா இடுப்பில் கை வைத்தாள். "கார் வாங்குன அன்னிக்கு, கதவை அடிச்சு சாத்திட்டேன்னு தெருவே வேடிக்கை பாக்க என்னைத் திட்டுனது யாரு? அன்னிலேர்ந்து பூ மாதிரிதான் சாத்தறேன்!"

சொன்ன வேகத்தில் பின்கதவைத் திறந்து, படாரென்று அறைந்து சாத்தினாள்.

"மெதுவா..." என்று வாய் வரை வந்ததைப் பிரபாகரன் விழுங்கிக்கொண்டார்.

உள்ளே விளக்கு அணைந்திருந்தது.