அளவு சொன்னது யார்?

கடலின் அடியில், பெருங்குளிரில், சில நீர் மூலக்கூறுகள் கைகோத்து உறைந்து ஒரு சின்ன வீடாக நின்றன. உள்ளே ஒரு மீத்தேன் வாயு மூலக்கூறு குடியிருந்தது. அது யாருடைய கையையும் பிடித்ததில்லை.

கூரையாக நின்ற நீருக்கு அது உறுத்தியது. "நம்மில் ஒருத்தரையும் தொடாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். கவனித்தீர்களா, அண்ணே?" என்று தரையாக நின்ற நீரிடம் கேட்டது.

"தொடாதது கிடக்கட்டும், தம்பி. எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறான்? வீட்டின் அளவை யாரோ இவனிடம் சொல்லியிருக்கிறார்கள்."

"என்னை ஏன் பார்க்கிறீர்கள்? நான் சொல்லவில்லை."

"நீ சொன்னாய் என்றேனா?"

மீத்தேன் தயங்கிச் சொன்னது: "யாரும் சொல்லவில்லை, ஐயா. நான் இங்கேதான் இருந்தேன். நீங்கள்தான் வந்து என்னைச் சுற்றி நின்றீர்கள்."

கூரை சிரித்தது. "கேட்டீர்களா? நமக்கு முன்னாலேயே வந்துவிட்டானாம். நாளைக்குப் பட்டா கேட்பான்."

அதை வெளியேற்றுவது என்று முடிவாயிற்று. கூரை ஒரு கையை விட்டது, தரையும் ஒரு கையை விட்டது. மீத்தேன் அந்த இடைவெளி வழியாக மேலே போய்விட்டது.

வழியை அடைக்கக் கூரை மறுபடி கையை நீட்டியது. பிடிக்க எதுவும் அகப்படவில்லை. நடுவில் நின்று தாங்க ஆள் இல்லாததால் சுவர்களும் கை நழுவி, எல்லாம் வெறும் தண்ணீராக அலைந்துகொண்டிருந்தன.

"அண்ணே, எங்கே இருக்கிறீர்கள்?"

"இங்கேதான் எங்கேயோ."

"நான் அப்போதே சந்தேகப்பட்டேன், அண்ணே. போகும்போது வீட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்."